மானுக்கும் மூசுக்கும் துவக்கு வாங்குமுன்: 17 குறிப்புகள்

ஆவணி பிறந்தால் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே கேள்வியோடுதான் வரும். "அண்ணை, இந்த முறை மூசுக்குப் போகப்போறன், என்ன துவக்கு வாங்கலாம்?" வன்னியில் இடியன் துவக்கோடு மரைக்கும் பன்றிக்கும் போன தகப்பன்மாரின் பிள்ளைகள், இன்று உரிமமும் அனுமதிச் சீட்டும் எடுத்துக்கொண்டு ஒன்ராறியோவின் வடக்குக் காடுகளுக்கு மானையும், மூஸ் என்ற பெரிய மான் இனத்தையும் தேடிப் போகிறார்கள். தனித்தனியே சொல்லி வந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்திருக்கிறது. ஆகவே இங்கே சொல்வதெல்லாம் கனடாவுக்கு மட்டுமே.

1. முதலில் உரிமம். கனேடிய ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சியில் தேறி, ஆர்.சி.எம்.பி. பொலிசாரிடம் உரிமம் பெறாமல் துவக்கும் வாங்க முடியாது, தோட்டாவும் வாங்க முடியாது. முதன்முறை விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு. ஒன்ராறியோவில் வேட்டைக்கென்று தனிப் பயிற்சியும் அவுட்டோர்ஸ் கார்டும் வேண்டும். மூசைச் சுடுவதற்கான அனுமதிச் சீட்டு, அதாவது 'டாக்', 2021 முதல் புள்ளி முறையில்தான் கிடைக்கிறது. நவம்பரில் காட்டுக்குப் போக நினைப்பவர் பனிக்காலம் முடியுமுன்பே வகுப்புக்குப் பதிந்துவிட வேண்டும்.

2. எங்கே வேட்டையாடப் போகிறீர்கள் என்பதை முடிவுசெய்த பிறகு வாங்குங்கள். தென் ஒன்ராறியோவின் சில கவுண்டிகளில் .275 கலிபரை (குழல் விட்டத்தை) விடப் பெரிய ரைபிளோடு வேட்டையாட அனுமதியில்லை. அங்கே பல இடங்களில் மான் பருவம் ஷாட்கன்னுக்கும் அம்புக்கும் மட்டுமே. ரைபிள் வாங்கி வீட்டில் வைத்துவிட்டு ஷாட்கன் இரவல் கேட்டவர்களை எனக்குத் தெரியும். மாகாண அரசு ஆண்டுதோறும் வெளியிடும் வேட்டை விதிச் சுருக்கத்தில் உங்கள் பகுதி எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

3. சொற்களைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். பித்தளைக் கோது, மருந்து, சன்னம் எல்லாம் சேர்ந்தது தோட்டா. குழலை விட்டுப் பறந்துபோவது சன்னம் மட்டும். கடைக்காரர் சொல்லும் .308, .30-06, .300 மாக்னம் மூன்றிலும் சன்னத்தின் விட்டம் ஒன்றேதான், 7.82 மில்லிமீட்டர். பின்னால் இருக்கும் மருந்தின் அளவுதான் வேறு. சன்னத்தின் எடையைக் கிரெய்ன் கணக்கில் சொல்வார்கள். 15.4 கிரெய்ன் ஒரு கிராம். இது தெரிந்தால் பெட்டியில் எழுதியிருப்பது பாதி புரிந்துவிடும்.

4. எவ்வளவு வலு போதும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது ஸ்வீடனின் கணக்கு. நூறாண்டுக்கு மேலாக மூஸ் வேட்டையாடிவரும் நாடு அது. அங்கே நெடுங்காலம் வழங்கிவந்த அளவுகோல் இது: சன்னம் குறைந்தது 9 கிராம் இருக்கவேண்டும், 100 மீட்டர் தூரத்தில் அதற்கு 2,700 ஜூல் வலு மிஞ்சியிருக்க வேண்டும். சன்னம் 10 கிராமோ அதற்கு மேலோ என்றால் 2,000 ஜூல் போதும். .308-இன் 150 கிரெய்ன் சன்னம் 9.7 கிராம். 100 மீட்டரில் அதற்கு ஏறத்தாழ 3,000 ஜூல் இருக்கும். தேறிவிட்டது. .243-இன் 100 கிரெய்ன் சன்னம் 6.5 கிராம்தான். மானுக்குப் போதும், மூசுக்கு நான் எடுத்துப்போகமாட்டேன். .270-இல் 130 கிரெய்ன் இந்தக் கணக்கில் தேறாது, 150 கிரெய்ன் தேறும். ஒரே துவக்குத்தான், தோட்டாப் பெட்டியை மாற்றியதும் வேறு கதை.

5. என் சிபாரிசைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மானும் மூசும் கறுப்புக் கரடியும் ஒரே துவக்கில் வேண்டுமென்றால் .308 வின்செஸ்டர். 1952இல் சந்தைக்கு வந்தது. சிறிய ஊர்க் கடையிலும் கனேடியன் டயரிலும் தோட்டா கிடைக்கும். வீட்டில் தோட்டாப் பையை மறந்துவிட்டு எட்டு மணி நேரம் வண்டி ஓடிப் போனவருக்கு அதன் அருமை தெரியும். .30-06 அதைவிடச் சற்று வலுவானது, 1906இல் இருந்து இந்தக் கண்டத்தில் எல்லா மிருகத்துக்கும் பயன்பட்டு வருவது. உதைப்பைத் தாங்கச் சிரமப்படுபவருக்கு 6.5 கிரீட்மோர் நல்லது, 140 கிரெய்னுக்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள்.

பழைய .303 லீ என்ஃபீல்ட் யாரும் மலிவாகத் தருகிறேன் என்றால் குழலின் உட்புறத்தை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வாங்கலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கனடாவின் எத்தனையோ குடும்பங்களுக்கு மூஸ் இறைச்சி தந்த துவக்கு அது. ஊரில் பொலிஸ்காரரின் தோளில் நாங்கள் பார்த்த அதே திறீ நொட் திறீ. வட துருவப் பகுதியில் காவல் இருக்கும் கனேடிய ரேஞ்சர்களும் பல பத்தாண்டுகள் அதைத்தான் வைத்திருந்தார்கள். 2018இல் அதை மாற்றத் தொடங்கியபோது, துருவக் கரடி எதிர்ப்பட்டாலும் உதவவேண்டும் என்று பார்த்து, அவர்களுக்குக் கொடுத்தது .308 ரைபிள்.

6. மாக்னம் என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம். என் மச்சானின் கதையைச் சொல்கிறேன். மூஸ் பெரிய மிருகம், பெரிய துவக்குத்தான் வேண்டும் என்று கடையில் சொன்னதைக் கேட்டு .300 வின்செஸ்டர் மாக்னம் வாங்கினார். முதல் நவம்பரில், 70 மீட்டரில் நின்ற ஒரு மானுக்கு வெடி வைத்தார். மான் முதுகை வளைத்துக்கொண்டு ஓடியது. நின்ற இடத்துக்குப் போய்ப் பார்த்தோம். காய்ந்த மேப்பிள் இலையில் கறுத்த இரத்தம், அதோடு பச்சையாக அரைத்த புல். குடலில் பட்டிருக்கிறது. சீடார் மரச் சதுப்புக்குள் நாலு மணி நேரம் தேடினோம், இருட்டிவிட்டது. மறுநாள் காலை கண்டுபிடித்தபோது கயோட்டிகள் முந்திவிட்டிருந்தன. மச்சான் அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவரைச் சூட்டுத் திடலுக்குக் கூட்டிப்போனேன். தோட்டாக்களை நானே போட்டுக் கொடுத்தேன். மூன்றாவது தடவை, அவருக்குச் சொல்லாமல், மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றைப் போட்டேன். விசையை அழுத்தினார். 'டிக்' என்று சத்தம் மட்டும். ஆனால் குழலின் முனை இரண்டு விரற்கடை கீழே குத்தியது, தோள் முன்னால் பாய்ந்தது, கண் இறுக மூடியிருந்தது.

"மச்சான், இது வெடிக்கவேயில்லை. குழல் எங்க போச்சுது, பார்த்தியே?"

அவர் பதில் சொல்லவில்லை. அந்தத் துவக்கின் உதைப்பு .308-ஐப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. உடம்பு அதை முதல் பெட்டியிலேயே கற்றுக்கொண்டு, வெடிக்குமுன்பே சுருங்கத் தொடங்கிவிட்டது. உதைப்புக்குப் பயப்படுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லா உடம்பும் அப்படித்தான். அந்தத் துவக்கை விற்று .308 வாங்கினார். அடுத்த நவம்பரில் ஒரே வெடி, மான் 30 அடி நடந்து விழுந்தது. இந்தப் போலித் தோட்டாச் சோதனையை எந்தத் துவக்கு வாங்கினாலும் செய்து பாருங்கள். சில டொலர்தான் செலவு.

7. சிறிய கலிபரில் பெரிய மிருகத்தை வீழ்த்தியவர்களின் கதைகளையும் அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907இல் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்தது .275 ரிக்பி. அதே தோட்டாவால் டபிள்யூ.டி.எம். பெல் ஆப்பிரிக்காவில் நூற்றுக்கணக்கான யானைகளைச் சுட்டார். பெல் யானையின் மண்டையோட்டை அறுத்து, மூளை எந்தக் கோணத்தில் எங்கே இருக்கிறது என்று படித்தவர். வருடத்தில் ஒரு வாரம் காட்டுக்குப் போகும் எங்களுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

8. கலிபரைத் தேர்ந்தெடுக்கச் செலவிட்ட நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரத்தைச் சன்னத்துக்குச் செலவிடுங்கள். 1946இல் ஜோன் நோஸ்லர் என்ற அமெரிக்கர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் வேட்டைக்குப் போனார். கையில் .300 எச் அண்ட் எச் மாக்னம், அந்நாளில் மிகவும் வலுவான துவக்குகளில் ஒன்று. எதிரே நின்ற கடா மூஸ் சேற்றில் புரண்டு, உடம்பெல்லாம் சேறு காய்ந்து ஓடாகப் படிந்திருந்தது. சன்னங்கள் அந்தச் சேற்றிலும் தோலிலும் பட்டவுடனே சிதறிவிட்டன, உள்ளே போகவில்லை. ஊர் திரும்பியவர், சன்னத்தின் நடுவே செம்புச் சுவர் ஒன்றை வைத்து, முன்பாதி விரிந்தாலும் பின்பாதி உடையாமல் ஊடுருவும்படி ஒன்றைச் செய்தார். 1948இல் விற்பனைக்கு வந்த அந்த 'பார்ட்டிஷன்' சன்னம் இன்றும் கடையில் இருக்கிறது.

அதன் பிறகு ஈயத்தையும் செம்பு உறையையும் ஒட்டவைத்த 'பொண்டட்' சன்னங்களும் முழுச் செம்புச் சன்னங்களும் வந்துவிட்டன. மூசுக்கு இந்த மூன்றில் ஒன்றை வாங்குங்கள். மானுக்குச் சாதாரண சொஃப்ட் பொயின்ட் போதும். இலக்குப் பலகைக்கென்று விற்கும் தோட்டாவை மலிவு என்று காட்டுக்கு எடுத்துப்போக வேண்டாம். அது மிருகத்தின் உடம்புக்குள் எப்படி நடந்துகொள்ளும் என்று நம்பமுடியாது.

9. இது சமையலறைக்கான குறிப்பு. ஈயச் சன்னம் மிருகத்துக்குள் உடையும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்தைச் சுற்றி வெகுதூரம் பரவுகின்றன. கழுவினாலும் போகாது, எத்தனை விசில் வைத்தாலும் போகாது. காயத்தைச் சுற்றி ஒரு சாண் அளவுக்குத் தாராளமாக வெட்டி எறியுங்கள். இரத்தம் கட்டிய இறைச்சியைக் கொத்துக்கறிக்கு என்று சேர்த்து வைக்க வேண்டாம். வீட்டில் கர்ப்பிணியோ சிறு பிள்ளைகளோ இருந்தால் செம்புச் சன்னத்துக்கே மாறிவிடுங்கள். அது கிட்டத்தட்ட முழு எடையோடு உடம்பைக் கடந்துவிடும். பெட்டிக்குச் சில டொலர் கூட, அவ்வளவுதான். கலிபோர்னியா 2019 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயத்தைத் தடைசெய்துவிட்டது. என் வீட்டில் பேரப்பிள்ளை பிறந்த ஆண்டில் நான் செம்புக்கு மாறினேன்.

10. துவக்கின் கட்டை உங்கள் உடம்புக்குப் பொருந்த வேண்டும். பெரும்பாலான கடைகளில் பலரும் பார்க்கத் தவறுவது இதைத்தான். வழக்கமான துவக்கில் கட்டையின் அடியிலிருந்து விசை வரை ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் நீளம். அது நெடிய ஆளுக்குச் செய்தது. ஐந்தடி நாலு, ஐந்தடி ஐந்து என்று இருக்கும் எங்களில் பலருக்கு நீளம். முழங்கையை மடித்து, கட்டையின் அடியை மடிப்பில் வைத்து, கையை விசை வரை நீட்டிப் பாருங்கள். சுட்டுவிரலின் முதல் பகுதி விசையில் சுகமாக விழுந்தால் சரி. விரல் நுனி மட்டும் எட்டினால் அந்தத் துவக்கு உங்களுக்கு நீளம். கடைக்குக் குளிர்கால ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டே போங்கள், வேட்டையன்று அதன் தடிப்பும் சேரும். கட்டை நீளத்தைத் தகடு வைத்துக் கூட்டிக் குறைக்கக்கூடிய மாதிரிகள் உண்டு. பெண்களுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் அவைதான் ஏற்றவை. நீளக் கட்டையோடு பழகினால் தலை பின்வாங்கி, கன்னம் தூக்கி, உதைப்பு இரட்டிப்பாகத் தெரியும்.

11. எந்தக் கண் உங்களுக்கு மூத்த கண் என்று பாருங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டி, நடுவில் சிறிய முக்கோணம் விட்டு, தூரத்துக் கடிகாரத்தை அதன் ஊடாகப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் நகராமல் நிற்கிறதோ அதுதான். வலதுகைக்காரருக்கு இடது கண் மூத்ததாக இருப்பது அபூர்வமல்ல. இடதுகைக்காரர் அதற்கென்று செய்த துவக்கையே வாங்குங்கள், பல கம்பனிகள் செய்கின்றன.

12. முதல் துவக்கு போல்ட் அக்‌ஷனாக இருக்கட்டும். பாகங்கள் குறைவு, குளிரிலும் ஈரத்திலும் தகராறு செய்யாது, போல்ட்டைக் கழற்றிக் குழலின் உட்புறத்தைக் கண்ணால் பார்க்கலாம். ரெமிங்டன், சாவேஜ், டிக்கா, ரூகர், வின்செஸ்டர் எல்லாம் மானைச் சுடப் போதிய துல்லியம் உள்ளவை. நான் பிளாஸ்டிக் கட்டையும் துருப்பிடிக்காத எஃகுக் குழலும் உள்ளதை எடுப்பேன். வால்நட் மரக் கட்டை அழகுதான், ஆனால் ஒரு வார மழையில் அது ஊதிக் குறியை நகர்த்திவிடும். ஸ்கோப்போடு சேர்த்து மூன்றரை முதல் நாலு கிலோ இருக்கட்டும். அதைவிட லேசானது தூக்க நல்லது, தோளுக்குக் கூடாது.

13. துவக்குக்கு வைத்திருக்கும் பணத்தில் நல்ல பங்கை ஸ்கோப்புக்கு ஒதுக்குங்கள். மூன்று முதல் ஒன்பது மடங்கு பெருக்கம், முன் கண்ணாடி 40 மில்லிமீட்டர், இது எங்கள் காடுகளுக்குத் தாராளம். விடியலிலும் மாலையிலும்தான் மிருகம் வெளியே வரும், அப்போது மலிவுக் கண்ணாடியில் மானும் மரமும் ஒன்றாகத் தெரியும். பொருத்தும்போது கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். விடாதவர்களின் புருவத்தில் அரைவட்டத் தழும்பு இருக்கும்.

14. குறி சரிபார்ப்பது 100 மீட்டரில். .308 150 கிரெய்ன் சன்னம் அங்கே நடுவில் விழும்படி வைத்தால், 200 மீட்டரில் 10 முதல் 12 சென்டிமீட்டர் கீழே விழும், 300 மீட்டரில் ஒரு முழு அடிமட்டத்தையும் தாண்டிவிடும். ஆகவே முதல் சில ஆண்டுகளுக்கு 200 மீட்டரை உங்கள் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே மூஸ் பெரும்பாலும் அதற்குள்தான் நிற்கும். தோட்டாவின் கம்பனியையோ எடையையோ மாற்றினால் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

15. நோர்வேயில் இருக்கும் எங்கள் சொந்தக்காரரைக் கேட்டால் சொல்வார்கள். அங்கே பெரிய மிருக வேட்டைக்குப் போகிறவர் ஒவ்வோர் ஆண்டும் 30 வெடி பயிற்சி செய்து, பிறகு 100 மீட்டரில் ஐந்து வெடியும் 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் வைத்துக் காட்ட வேண்டும். அதில் தேறாமல் அந்த ஆண்டு வேட்டைக்குப் போக முடியாது. கனடாவில் அப்படிச் சட்டம் கிடையாது. நீங்களே உங்களுக்கு அந்தச் சட்டத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். மேசையில் மூட்டை வைத்துச் சுடுவது குறி பார்ப்பதற்கு. பயிற்சியை முழங்காலிட்டும், மரத்தில் சாய்ந்தும், கைக்கோலில் தாங்கியும் செய்யுங்கள். காட்டில் மேசை இருக்காது.

எங்கே சுடவேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மிருகம் பக்கவாட்டில் நிற்கும்போது, முன்னங்காலின் பின் ஓரத்தைப் பிடித்து மேலே போங்கள், நெஞ்சுக் கூட்டின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம். அங்கே இதயமும் நுரையீரலும். மானுக்கு அந்த இடம் ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவு. முகம் பார்த்து நின்றாலோ பின்புறம் காட்டி நின்றாலோ விசையைத் தொடாதீர்கள். பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டாலும் அப்படியே. சன்னம் மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலும் போகும். வெடி வைத்த பிறகு அரை மணி நேரம் இருந்த இடத்திலேயே இருங்கள், உடனே துரத்தினால் அடிபட்ட மிருகம் தூரம் போய்விடும்.

16. குளிரிலிருந்து சூடான கூடாரத்துக்குள் துவக்கைக் கொண்டுவந்தால் உலோகமெல்லாம் வியர்க்கும், ஸ்கோப் மங்கும், மறுநாள் அது உறைந்து போல்ட் இறுகும். உறைக்குள் வைத்தே உள்ளே கொண்டுவந்து, மெல்லச் சூடாக விடுங்கள். எண்ணெயைத் துடைத்து எடுத்துவிட்டு மெல்லிய பூச்சு மட்டும் விடுங்கள்.

17. வீட்டில் துவக்கு எப்போதும் தோட்டா இல்லாமல், பூட்டிய அலுமாரியில் அல்லது விசைப் பூட்டோடு இருக்கவேண்டும். தோட்டா எளிதில் கைக்கு எட்டாத இடத்தில், அல்லது பூட்டி. இது சட்டம். சாவி பிள்ளைகள் அறியாத இடத்தில் இருக்கட்டும். காட்டில் செம்மஞ்சள் மேலங்கியும் தொப்பியும் இல்லாமல் இறங்க வேண்டாம். துவக்குப் பருவத்தில் இடுப்புக்கு மேல் குறைந்தது 400 சதுர அங்குலம் செம்மஞ்சள் தெரியவேண்டும் என்பது ஒன்ராறியோ விதி.

எங்கள் வேட்டைக் குழுவில் .308, .270, 6.5 மூன்றும் இருக்கின்றன. கட்டை நீளம் கூட்டிக் குறைக்கக்கூடிய துவக்கும் ஒன்று இருக்கிறது. உரிமம் கையில் வந்ததும் கடைக்கு ஓடாமல், உங்கள் ஊரில் வேட்டைக்குப் போகும் மூத்தவர் ஒருவரைப் பிடித்து, அவருடைய துவக்கில் ஒரு பெட்டி சுட்டுப் பாருங்கள். கேட்டால் மறுக்கமாட்டார்கள்.